முதல் படம் மூன்று நிமிடம் போதும்

கலைப் பகுதி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். வரைகிற பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள், கைப்பேசியில் படம் எடுக்கிற பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் வேறு வேறு; அடியில் இருக்கும் தவிப்பு ஒன்றுதான். தொடங்கிவிடுகிறோம், முடிக்க முடியவில்லை என்கிறார்கள்.

கேள்வி: ஐயா, நானும் மூன்று நண்பர்களும் ஆண்டிறுதி விடுமுறையில் குறும்படம் எடுக்க ஆரம்பித்தோம். நாற்பது நிமிடக் கதை. பாதியில் நின்றுவிட்டது. இப்போது அந்தக் காட்சிகளைத் திறந்து பார்க்கவே மனம் வரவில்லை. எனக்கு உண்மையில் ஆர்வம் இல்லையோ? (படிவம் 4 மாணவன்)

பதில்: ஆர்வம் எங்கேயும் போகவில்லை தம்பி. கணக்குதான் தப்பிவிட்டது. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம். உங்கள் கதை நாற்பது பக்கம். பழக்கமில்லாத நான்கு பேர் ஒரு நாளில் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று பக்கம் எடுக்கலாம். அப்படியென்றால் குறைந்தது பதினான்கு நாள் படப்பிடிப்பு. எந்த விடுமுறையும் அதைத் தாங்காது. ஒருவனுக்கு டியூஷன் தொடங்கிவிடும், இன்னொருவன் முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்பான், அவன் நடித்த முன்காட்சியோடு புதுக்காட்சி ஒட்டாது. அங்கேதான் எல்லோரும் சோர்ந்து போகிறார்கள். அந்தச் சோர்வை ஆர்வக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் படத்துக்கு மூன்று பக்கம் போதும். இரண்டு பாத்திரம், ஒரே இடம், பதினைந்து ஷாட். ஒரு ஷாட்டுக்கு இடம் பார்த்து, ஒத்திகை பார்த்து, மூன்று தடவை எடுக்க இருபது நிமிடம் ஆகும். பதினைந்துக்கு ஐந்து மணி நேரம். காலை 7.30க்குத் தொடங்கினால் 12.30க்குள் முடிந்துவிடும், பிற்பகல் மழையிலும் மாட்ட மாட்டீர்கள். கதை வரிசையில் எடுக்க வேண்டாம். கேமரா ஒரு பக்கம் பார்த்து நிற்கும் ஷாட்டுகள் அத்தனையையும் முதலில் எடுத்துவிட்டுப் பிறகு திருப்புங்கள். நடிப்பு அதிகம் வேண்டிய ஷாட்டை முதல் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள், பசி வந்தபின் எவன் முகத்திலும் ஒன்றும் வராது.

நின்றுபோன பாதியையும் தூக்கிப் போட வேண்டாம். முன்கதை தெரியாமலே புரிகிற ஒரு காட்சி அதில் இருக்கும். அதைத் தனியாக வெட்டி, தலைப்பு போட்டு, இரண்டு நிமிடப் படமாக முடித்துவிடுங்கள். அடுத்த மூன்று பக்கம் எழுதும் தெம்பு அந்த இரண்டு நிமிடத்திலிருந்துதான் வரும்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். பிள்ளைகளை ஊக்குவிக்க மாதாமாதம் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கலாமா? (ஓர் ஆசிரியை)

பதில்: மாதாமாதம் வேண்டாம், டீச்சர். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு பாலர் பள்ளியில் செய்து 1973இல் வெளியிட்ட சோதனை இதற்கு நேரடியாகப் பொருந்தும். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை.

ஆகவே கெடுப்பது பரிசுப்பொருள் அன்று. 'இதைச் செய்தால் அது தருவேன்' என்கிற பேரம். வகுப்பில் எல்லாப் படத்தையும் ஒரே உயரத்தில் ஒட்டுங்கள், மதிப்பெண் எழுதாமல். பாராட்டும்போது 'ரொம்ப அழகா இருக்கு' என்பதோடு நிறுத்தாமல், 'ரப்பர் பால் பிடிக்கிற இந்த மங்குக்குக் கீழே நிழல் போட்டிருக்கியே, அதனால்தான் மரத்துல ஒட்டி நிக்குது' என்று கையை வைத்துக் காட்டிச் சொல்லுங்கள். தான் செய்த ஒன்று வேலை செய்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த தாளை அதுவே கேட்கும். தலைப்பைக் கொடுத்தால் பொருளையாவது அவர்களைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். மாவட்ட அளவிலான போட்டி வந்தால் அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் போட்டிக்கு வரையும் நாளும் வெறுமனே வரையும் நாளும் வேறு வேறாக இருக்கட்டும்.

தாள், கரிக்கு ஒதுக்கீடு போதவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வரைகரியை நீங்களே செய்யலாம். பிசின் இல்லாத, பென்சில் தடிமனுள்ள, நன்றாகக் காய்ந்த சுள்ளிகளைப் பட்டை உரித்து மைலோ டின்னில் நெருக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை. டின்னைத் தணலில் வையுங்கள். ஓட்டை வழியே வரும் புகை நின்ற பிறகு எடுத்து, முழுதாக ஆறும்வரை திறக்காதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரி சாம்பலாகிவிடும். உள்ளே இன்னும் பழுப்பாக இருந்தால் வேகவில்லை என்று அர்த்தம், மறுபடி வையுங்கள். தணல் வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், திறந்த வெளியில்.

கேள்வி: எங்கள் ஊரில் படம் எடுக்க என்ன இருக்கிறது? எங்கே பார்த்தாலும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம். கோலாலம்பூர் பிள்ளைகளுக்குக் கட்டடம், ரயில், இரவு வெளிச்சம் எல்லாம் இருக்கிறது. எனக்கு எதைப் பார்த்தாலும் எடுக்கத் தோன்றவில்லை. (படிவம் 5 மாணவி)

பதில்: தங்கச்சி, நீங்கள் இருப்பது இந்த நாட்டின் வரலாறு திரும்பிய ஊர். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இதே ஊரைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன்தான், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குப் பணம் கட்டிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருக்கக்கூடும்.

தோட்டம் கலைந்து வெளியேறிய வாழ்க்கையைச் சொன்ன படம்தான் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 2015இல் வந்தது, 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் நாட்டின் சிறந்த படம் என்ற விருதைப் பெற்றது. உங்களுக்கு அலுத்துப்போன இந்தச் சூழலைத்தான் நாடு திரும்பிப் பார்த்தது.

அலுப்புக்கு ஒரு காரணம், நீங்கள் 'தோட்டம்' என்ற முழு உருவத்தையும் ஒரே நேரத்தில் பார்ப்பது. ஒரு வேலையை மட்டும் பாருங்கள். இன்னும் பால்மரம் வெட்டுகிறவர் (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பவர்) பக்கத்தில் யாராவது இருந்தால் அவரையே எடுக்கலாம். பால் வெட்டு விடியலுக்கு முன் ஏன் நடக்கிறது? மரத்துக்குள் நீரழுத்தம் அப்போதுதான் அதிகம், பால் நன்றாக ஓடும்; வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கிவிடும். ஆக உங்கள் பாத்திரம் இருட்டில் வேலை செய்கிறார், தலையில் விளக்கோடு. கைப்பேசிக்கு இது மிகக் கடினமான வெளிச்சம். விளக்கு நேராகக் கேமராவைப் பார்த்தால் முகம் கறுத்துவிடும். பக்கவாட்டில், அவருடைய தோளுக்குக் கொஞ்சம் பின்னால் நில்லுங்கள். விளக்கு விழும் பட்டையைத் திரையில் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கட்டும். உளி பட்டையைச் சீவும் கோடும், அதில் முதலில் முத்து முத்தாகக் கோத்துப் பிறகு வழியும் பாலும் தெரிந்தால் போதும்.

அங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டித்தான், அதுவும் செங்குத்தாக ஏறிவிடும். மென்மையான வெளிச்சம் முக்கால் மணி நேரம்கூட நிற்காது. முகங்களை அதற்குள் எடுங்கள். மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றும் நேரத்தில் வெளிச்சம் இலை வழியே திட்டுத்திட்டாக விழும். முகத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு ஆகும். அப்போது முகத்தை விடுங்கள், கையை எடுங்கள். பச்சை இலையின் நிறம் தோலில் ஏறி முகம் நோயாளி மாதிரி தெரிவதும் அங்கே வழக்கமாக வரும் கோளாறு. வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 'வெயில்' என்று நிறுத்திப் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் ஷாட்டுக்கு ஷாட்டு நிறம் மாறும். பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி ரப்பர் மரம் சிவந்து இலை உதிர்க்கும்போது காடு முழுக்க வெளிச்சம் இறங்கும். ஆண்டில் அந்தச் சில வாரங்களைத் தவறவிடாதீர்கள்.

செம்பனைக்குள் போவதாக இருந்தால் முதலில் நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி. அது தனியார் நிலம். குலை வெட்டும் இடத்தில் பக்கத்தில் நிற்கவே கூடாது. ஒரு பழக்குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும், முள்ளோடு மட்டையும் சேர்ந்து விழும். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி நின்று, ஜூம் பண்ணாமல், அகலமாக எடுங்கள்.

தாத்தா பாட்டியைப் பேச வைக்க 'பழைய காலத்தைப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்டால் 'கஷ்டம்தான்மா, என்னத்தைச் சொல்ல' என்பதோடு முடிந்துவிடும். 'பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க? தண்டல் பேர் கூப்பிடும்போது எங்க நிப்பீங்க? பிள்ளையை ஆயாக் கொட்டகையில விட்டுட்டு எவ்வளவு தூரம் நடந்தீங்க?' என்று கேளுங்கள். (பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் கூட்டம், தண்டல் என்பவர் வேலையை மேற்பார்க்கிறவர், ஆயாக் கொட்டகை என்பது வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்.) கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், கீரை ஆய்வது, வெற்றிலை மடிப்பது மாதிரி. கேள்வியைத் திருப்பிச் சொல்லிப் பதில் தொடங்கச் சொல்லுங்கள், பிறகு உங்கள் குரலை வெட்டிவிடலாம். பதில் முடிந்ததும் ஐந்து வினாடி சும்மா இருங்கள். பெரியவர்கள் முக்கியமானதை அந்த இடைவெளியில்தான் சொல்வார்கள்.

கேள்வி: வீட்டுக்குள் எடுத்தால் விளக்கு வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடுகிறது. பேச்சும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் கேட்கிறது. நல்ல கேமரா வாங்கும்வரை நிறுத்திவிடலாமா? (படிவம் 3 மாணவன்)

பதில்: நிறுத்தாதீர்கள், கேமரா வாங்கினாலும் இது வரும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். கைப்பேசிகள் பெரும்பாலும் வினாடிக்கு 30 படம், 1/60 ஷட்டர் (ஒவ்வொரு படமும் வெளிச்சம் வாங்கும் நேரம், வினாடிக் கணக்கில்) என்று எடுப்பதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. 25 படம், 1/50 ஷட்டர் என்று வையுங்கள், பட்டை நின்றுவிடும். ஐபோனில் கேமரா அமைப்பில் 'Show PAL Formats' என்பதை இயக்கினால் 25 கிடைக்கும். ஷட்டரைக் கையால் வைக்க பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி உண்டு.

ஒலிக்குக் காரணம் தூரம். கைப்பேசி இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் அது வாயை விடச் சுவரைத்தான் அதிகம் கேட்கிறது. நண்பரின் கைப்பேசி ஒன்றை ஒலிக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வராதபடி ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, ஒரு கம்பி மைக்கை மாட்டி, தாடைக்கு ஒரு சாண் கீழே சட்டைக்குள் ஒட்டுங்கள். மைக் இல்லையென்றால் அந்தக் கைப்பேசியையே நடிப்பவரின் சட்டைப் பையில் போடுங்கள். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒரு தடவை கை தட்டினால் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்துவது சுலபம். மெத்தை, போர்வை, துணிக்கொடி எல்லாவற்றையும் கேமராவுக்குப் பின்னால் குவியுங்கள், எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிட வெறும் ஒலியைப் பதியுங்கள். வெட்டிய இடங்களை மறைக்க அதுதான் உதவும். தகரக் கூரையில் மழை தொடங்கினால் வசனத்தை விட்டுவிட்டுப் பேச்சில்லாத ஷாட்டுகளை எடுங்கள். எந்த மென்பொருளும் அந்தச் சத்தத்தை முழுதாக நீக்காது.

கேள்வி: இணையத்தில் என் வயதுப் பிள்ளைகள் வரைவதைப் பார்த்தால் எனக்குக் கை ஓடவில்லை. எப்படி மீள்வது? (படிவம் 4 மாணவி)

பதில்: அவர்கள் காட்டுவது தேர்ந்தெடுத்த ஒரு படம், அதற்கு அடியில் கிடக்கும் தாள் கட்டை யாரும் ஏற்றுவதில்லை. முப்பது நாள் இணையத்தை விட்டுவிட்டு உங்கள் தாள்களை மட்டும் பாருங்கள். தினமும் இருபது நிமிடம், மலிவான ஏ4 தாள், பேனா, அழிப்பான் கிடையாது. அரை நிமிடத்தில் ஒன்று என்று பத்து உருவம். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து. மீதி ஐந்து நிமிடம் ஒரே உருவம். ஒட்டுக்கடையில் ரொட்டி வீசுகிறவர், மோட்டார் துடைக்கும் அப்பா, கோயில் திண்ணையில் தூங்குகிறவர், யாராக இருந்தாலும் சரி. எல்லாத் தாளிலும் தேதி.

அநேகமாக உங்கள் படங்களில் இரண்டு பிழை இருக்கும், தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும். கண்களை நெற்றிக்கு அருகில் போட்டுவிடுவீர்கள். அவை தலை உயரத்தின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். தலையைப் பெரிதாகவும் கையைச் சிறிதாகவும் வரைவீர்கள். வளர்ந்தவர் உடல் ஏழு, ஏழரைத் தலை உயரம், விரித்த கை தாடையிலிருந்து முடிக்கோடு வரை வரும். முழங்கையை மடக்காமல் பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்து பாருங்கள். மடக்கினால் ஒவ்வோர் அளவும் வேறாகும். முப்பதாம் நாள் முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது இந்த இரண்டையும்தான்.

கேள்வி: என் மகன் படிப்பை விட்டுவிட்டு எப்போதும் வீடியோ வெட்டிக்கொண்டிருக்கிறான். இது சோறு போடுமா? (ஒரு தாய்)

பதில்: அம்மா, இயக்குநர் என்ற ஒரு நாற்காலியை மட்டும் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். அதைச் சுற்றி படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, ஒளியமைப்பு, நிறச்சீர்மை, அனிமேஷன் என்று பல வேலைகள் உண்டு. உங்கள் பிள்ளை விரும்பிச் செய்வது படத்தொகுப்பு. திருமண வீடியோவிலிருந்து தொலைக்காட்சி வரை அதற்கு ஆள் வேண்டும்.

ஆனால் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மை விடக் கூடாது. மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் சான்றிதழே கிடையாது. கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா கலைக் கழகத்தில் திரைப்படத் துறை உண்டு, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலைப் பள்ளி உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் மதிப்பெண்ணோடு நேர்முகத்தில் என்ன செய்திருக்கிறாய் என்றும் கேட்பார்கள். நாற்பது அரைகுறைத் துண்டுகளைவிட முழுதாக முடித்த மூன்று படம் அங்கே பேசும். 'வார நாளில் இரவு ஒன்பதுக்கு மேல் கணினி கிடையாது, மாதக் கடைசிக்குள் ஒரு படத்தை முடித்து எங்களுக்குக் காட்ட வேண்டும்' என்று ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். காட்டும் நாளில் குடும்பமாக உட்கார்ந்து, முழுதாக, நடுவில் எழுந்து போகாமல் பாருங்கள்.

கேள்வி: குறும்படத்தில் சினிமாப் பாட்டைப் பின்னணியாகப் போடலாமா?

பதில்: வேண்டாம். உரிமை இல்லாத பாட்டு இருந்தால் விழாக்கள் படத்தை ஏற்காது, யூடியூபும் ஒலியை முடக்கலாம். உங்கள் பாட்டி பாடும் தாலாட்டை அவர் குரலிலேயே பதிவு செய்து போடுங்கள். உறுமி, தப்பு பதிவதாக இருந்தால் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் போனால் ஒலி கிழிந்துவிடும்.

கேள்வி: எங்கள் இளைஞர் குழு ஐந்து குறும்படம் முடித்துவிட்டது. இணையத்தில் போட்டோம், இருபது பேர்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் சோர்ந்துவிட்டார்கள்.

பதில்: ஊரில் திரையிடுங்கள். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த தலைமுறை இன்னும் உங்கள் ஊரில் இருக்கிறது, கூப்பிட்டால் பாயோடு வருவார்கள். பொதுமக்களுக்குக் காட்டும் படங்களுக்கு 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் இருக்கிறது. ஆகவே முதல் திரையிடலைப் பள்ளி வழியாக, தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளி மண்டபத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

திரைக்கு இரண்டரை மீட்டர் அகலமுள்ள வெள்ளைத் துணி, இரட்டையாக மடித்தது. ஒற்றைத் துணியில் வெளிச்சம் பின்பக்கம் ஓடிவிடும். கீழ் விளிம்பில் மூங்கில் அல்லது குழாயைக் கோத்து இறுக்குங்கள், காற்றில் ஆடினால் முகங்களும் ஆடும். புரொஜெக்டர் வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் ஆன்சி லூமன்ஸ் (வெளிச்சத்தின் அளவு) எவ்வளவு என்று கேளுங்கள். இந்த அளவுத் திரைக்கு 2000 இருந்தால் தெளிவு. மலிவுப் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்கள் ஆன்சி கணக்கு அன்று. எட்டு மணிக்கு முன் முழு இருட்டு வராது. பக்கத்தில் சூராவ் (சிறு தொழுகைக் கூடம்) இருந்தால் பாங்கு நேரத்தைப் பார்த்து இடைவேளை விடுங்கள். ஒலிபெருக்கியைத் திரையின் இரண்டு பக்கமும் தலை உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். புரொஜெக்டர் பக்கத்தில் வைத்தால் பேச்சு முதுகுக்குப் பின்னால் கேட்கும். ஐந்து படத்தையும் முந்தின நாளே ஒரே கோப்பாக இணைத்து, ஒலி அளவைச் சமன் செய்து, அதே கருவியில் முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

மொத்தம் முப்பது நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். வாசலில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் கொடுங்கள். எந்த இடத்தில் அலுத்தது, எது புரியவில்லை, எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது என்று மூன்றே கேள்வி, பெயர் எழுத வேண்டியதில்லை. எழுத முடியாத பெரியவர்களிடம் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். படம் எடுத்தவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லக் கூடாது. தாள்களை அன்றிரவே குழுவாக உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். ஒரே இடத்தில் பத்துப் பேர் அலுத்ததாக எழுதியிருந்தால் அந்த இடத்தை மறுநாளே வெட்டுங்கள்.